சேந்தமங்கலத்தில் பார்த்த ராஜா படமும் காரவள்ளி ஓடையும்

அறுபதுகளில் வந்த அந்த ராஜா படத்தின் பெயரை இந்தப் பதிவில் எங்கும் எழுதப் போவதில்லை. பின்னூட்டத்திலும் கேட்காதீர்கள், காரணம் கடைசியில் இருக்கிறது. பொங்கல் முடிந்த அடுத்த வாரம், அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு நாள் விடுப்புப் போட்டுத் திருச்சியிலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பினேன். மலைக்குப் போய்ப் படம் பார்க்கிறவள் நீ ஒருத்திதான் என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

உண்மையில் அதே படத்தை இரண்டு வாரம் முன்பு திருச்சியிலேயே பார்த்திருந்தேன். பழைய நெகட்டிவைச் சுத்தம் செய்து, வெளிறிப்போன வண்ணத்தை மீட்டு, ஒலியைப் புதிதாகச் சேர்த்து வெளியிட்டிருந்தார்கள். சின்ன வயதில் டிவியில் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாகப் பார்த்த படமா இது என்று வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பாதி அரங்கு காலி. எனக்குப் பின்னால் ஒருவர் செல்போனில் ஏதோ நிலத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். இந்தப் புலம்பலை என் கல்லூரித் தோழி கிரேஸிடம் கொட்டியபோதுதான் அவள் கூப்பிட்டாள். நாகர்கோவில்காரி, கொல்லிமலையில் அரியூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் கிராமச் செவிலியர். அவள் வேலை பார்க்கிற மலையூர்க்காரர்கள் வேன் பிடித்து, மலையிறங்கி, சேந்தமங்கலத்துக்கு அந்தப் படம் பார்க்கப் போகிறார்களாம். பார்க்கிறதென்றால் இவர்களோடு பார் என்றாள்.

திருச்சியிலிருந்து நாமக்கல் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மலைமேல் இருக்கிற செம்மேட்டுக்கு நேர் பேருந்து உண்டு, தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் ஆகும். சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரமான காரவள்ளியில் தொடங்குகின்றன எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் பூரி சாப்பிட்டுவிட்டு ஏறினேன், முப்பதாவது வளைவுக்கு மேல் நடந்ததை எழுத விரும்பவில்லை. கிரேஸின் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மலையெங்கும் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு வேன், தலைக்கு நூறு ரூபாய். எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் நல்லம்மா, கிரேஸுக்கு அடுத்த வீடு, ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன் இருக்கையில் அவர் கணவர் காளியண்ணன், குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், மிளகும் போடுகிறவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். நல்லம்மா அவர் பங்கையும் சேர்த்துப் பேசினார்.

செம்மேட்டில் அந்தக் காலத்தில் கோடை தோறும் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போடுவார்களாம். அதில் இந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்தாராம். திருச்சியில் பார்த்ததாக நான் சொன்னதும், முடிவு பிடித்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "எல்லாரும் சுத்தி நிப்பாங்க கண்ணு. அவரு கோட்டை வாசலத் தொறந்துக்கிட்டு வெள்ளக் குதிரையில போவாரு பாரு, அதோட முடிஞ்சுரும். அவருக்குச் சாவே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. படம் அங்கே முடியவில்லை. வாசலைத் தாண்டிப் போன ராஜாவைக் கணவாயில் மடக்கிக் கொல்கிறார்கள், குதிரை மட்டும் திரும்பி வருகிறது. திருச்சியில் நான் அழுததே அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நல்லம்மாவுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது கொட்டகையில் உட்கார்ந்து முடிவு செய்தாராம், ஆண் பிறந்தால் இந்த ராஜாவின் பெயர்தான், எமன் கிட்டே வரமாட்டான் என்று. அப்படியே வைத்தார். அந்த மகன் இப்போது லாரி ஓட்டுகிறான், வண்டியின் நெற்றியிலும் அதே பெயரை எழுதியிருக்கிறான். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாசிக் பக்கம் போய்ப் பத்து நாளாகிறது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலையின் நிழல்கூட இல்லை.

சேந்தமங்கலம் தியேட்டரில் பதினோரு மணிக் காட்சி, டிக்கெட் இருபது ரூபாய். விளக்கணைந்ததும் என் கவலையைக் கொஞ்ச நேரம் மறந்தேன், மறக்க வைத்தார்கள். ராஜா முதன்முதலாக மலை உச்சியில் வந்து நின்றபோது என் வரிசை மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. யானைகள் ஆற்றைக் கடக்கையில் தெறிக்கிற தண்ணீர் தனித்தனித் துளியாகத் தெரிந்தது. அரசியின் கழுத்து மணியில் விளக்கொளி ஆடியதைப் பார்த்து, இது முன்னே தெரியலையே என்று நல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் ஈட்டியைத் தரையில் குத்துகிற இடத்தில் இருக்கைகள் அதிர்ந்தன. கம்ப்யூட்டரில் வரைந்த படையில்லை, வெயிலில் நின்ற உண்மையான ஆயிரம் பேர். மனிதர்கள் இப்படியெல்லாம் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இடைவேளையில் கிரேஸைத் தனியே இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை, பதறிப்போனாள். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்றாள். இரண்டு பேருமாக நல்லம்மாவிடம் போய், முடிவு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும் அம்மா என்றோம். ஒன்பது தடவை பார்த்தவளுக்கே சொல்லித் தருகிறாயா என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

கோட்டைக் கதவு திறந்தது. வெள்ளைக் குதிரை வெளிச்சத்துக்குள் பாய்ந்தது. உடனே எங்கள் வேனில் வந்தவர்கள் மொத்தப் பேரும் எழுந்துவிட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டு, பைகளை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தார்கள். சேந்தமங்கலத்துக்காரர்கள் உட்காருங்க உட்காருங்க என்று சத்தம் போட்டார்கள். திரை மட்டும் அணையவில்லை. கணவாய் வந்தது, அம்புகள் வந்தன. நடைவழியில் நின்றபடியே அத்தனை பேரும் அவர் சாவதைப் பார்த்தார்கள். உட்கார யாருக்கும் தோன்றவில்லை. ஆளில்லாத குதிரை திரும்பி வந்தபோது, சத்தம் போட்டவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

வெளியே வந்ததும் நல்லம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கண்ணு, உன்ற போனக் கொஞ்சம் குடு." மகனின் எண்ணைக் காளியண்ணன் மனப்பாடமாகச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான் என்றேன். வேனில் காரவள்ளி வரைக்கும் என் மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு வந்தார் நல்லம்மா.

அடிவாரத்து ஓடையருகே காளியண்ணன் வேனை நிறுத்தச் சொன்னார். சாவைப் பார்த்துவிட்டுத் தலை முழுகாமல் மலையேற முடியாது என்றார். பிறகு, அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். கொட்டகையில் முதல் நாள் முழுப் படத்தையும்தான் போட்டார்களாம். ஜனங்கள் நேராக ஓடைக்குப் போய்க் குளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ராஜா செத்த துக்கம், மூன்று நாள் ஒருவரும் கொட்டகைப் பக்கம் வரவில்லை. பார்த்தார் கொட்டகைக்காரர், கடைசி ரீலைக் கழற்றி வைத்துவிட்டார். அதற்கப்புறம் மலையில் யாரும் அதைப் பார்க்கவில்லை, முதல் நாள் பார்த்தவர்களும் வாய் திறக்கவில்லை.

நல்லம்மா அவரையே பார்த்தார். "ஏனுங்க, பேரு வெக்கறப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். ரெண்டு போயிருச்சு. நீ நம்பி வெச்சதையும் நான் புடுங்கறதா?"

நல்லம்மா ஓடையில் இறங்கி முழுகினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். வேன் ஓட்டுநரும் சாவியைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினார். கிரேஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு நாங்களும் இறங்கினோம். தை மாதத் தண்ணீர் எலும்பில் ஏறியது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ நடித்த சாவுக்கு இத்தனை பேர் தலை முழுகுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். இதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் படத்துக்கும் நான் பார்த்ததில்லை.

கரையில் என் போன் அடித்தது. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன், மகன்தான். தாபாவில் வண்டியை நிறுத்தித் தூங்கியிருக்கிறான். நல்லம்மா போனை வாங்கியதும் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். படம் எப்படி என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"நல்லா இருந்துச்சு சாமி," என்றார். "அதே படந்தான்."

இனி போகிறவர்களுக்கு. மலைக்குக் கடைசிப் பேருந்தை நம்பாதீர்கள், நாமக்கல்லில் மதியத்துக்குள் ஏறிவிடுங்கள். தையில் கம்பளி கட்டாயம். இந்தப் படம் உங்கள் ஊருக்கு வந்தால் பெரிய திரையில் பாருங்கள், ஊர்க்காரர்களோடு பாருங்கள், மாற்றுத் துணியும் ஒரு துண்டும் எடுத்துப் போங்கள்.

வடக்கே எங்காவது ஒரு தாபாவில், நெற்றியில் ராஜா பெயர் எழுதிய நாமக்கல் லாரியைப் பார்த்தால், ஓட்டுநரோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். படத்தின் பெயரை நான் எழுதாததும் அவனுக்காகத்தான். யானையைப் பற்றியும் வெள்ளைக் குதிரையைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். பேச்சில் கோட்டைக் கதவு திறந்ததும் எழுந்துவிடுங்கள்.