யானைச் சட்டையும் கிராம சபையும்

ஊஞ்சக்காட்டுப்பாளையம் ஊராட்சி அலுவலகத்து வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. சுவரிலேயே சிமெண்ட் பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்தது. அதில் கிளார்க் ரத்தினசாமி சாக்பீஸால் எழுதுவதை வாசிக்க இந்த உலகத்தில் மூன்றே பேர்தான் இருந்தார்கள் என்று அடித்துச் சொல்லலாம். எழுதிய ரத்தினசாமி ஒருவர். எதிரே சேவூர் பஸ்ஸுக்குக் காத்து நின்று பொழுது போகாதவர் யாராவது ஒருவர். மூன்றாவது ஆள் ஆரோக்கியராஜ்.

ஆரோக்கியராஜுக்கு அப்போது நாற்பதை நெருங்கிய வயது. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். இருபது வயதில் பனியன் கம்பெனி வேலைக்கென்று பஸ் ஏறியவர், ஒரு பிரிண்டிங் பட்டறைக்குள் நுழைந்து அங்கேயே நிலைத்துவிட்டார். நீளமான மேஜையில் வெட்டின துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டிவைத்து, படம் பதித்த சட்டத்தை ஒவ்வொன்றின் மேலும் வைத்து மையை இழுத்துவிடுகிற வேலை. மேஜைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் முகமது ரபீக். பத்து வருஷம் எதிரெதிரே நின்றதில், இவர் தும்மப் போகிறார் என்று தெரிந்தாலே அவர் சட்டத்தைத் தூக்கிக்கொள்வார். பேச்சும் கலந்துபோயிருந்தது. சாதாரணமாக 'ஆமாங்க, இல்லீங்க' என்று கொங்கு மரியாதையில் குழைகிற ஆரோக்கியராஜுக்குக் கோபம் வந்தால் மட்டும் திருச்செந்தூர் வாயில் ஏறிக்கொள்ளும்.

வீடு ரோஜா நகரில். பெயர் வைத்தவர் சைட்டு விற்ற புரோக்கர். ரோஜாவைக் கண்ணால் பார்த்தவரும் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஊரை விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி, சோளக்காடாகக் கிடந்த இடத்தில் கல் நட்டு விற்றது. எண்பது வீடுகள். பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் காலையில் கம்பெனிக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அதற்குள் ஊராட்சி அலுவலகத்தைப் பூட்டியிருப்பார்கள். தடுப்பூசி போடும் நர்ஸ் வந்து போனதும் தெரியாது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீர்ந்ததும் தெரியாது. தெரிந்தபிறகு 'நமக்கு யாரு சொல்லுதா' என்று ஒரு பெருமூச்சு. அதில் மட்டும் எண்பது வீடும் ஒற்றுமை.

இந்தப் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் ஆரோக்கியராஜ் காரியத்தில் இறங்கினார். பட்டறையில் அச்சுத் தப்பிய துண்டுகளைச் சிவப்பு நாடா போட்டுக் கட்டி ஓரத்தில் தள்ளிவிடுவார்கள். நல்ல கட்டுக்கு வெள்ளை நாடா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கழிவுத் துண்டுகளைத் திருப்பிப் போட்டு, ரத்தினசாமியின் பலகையில் படித்ததையெல்லாம் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து, ரோஜா நகர் முக்கில் ஒரு கொடி கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். 'வியாழக்கிழமை சொட்டு மருந்து.' 'வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க ஞாயிறு கடைசி.' அந்த இரண்டாவது துணியைப் பார்த்துத்தான் ரோஜா நகரில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஊர் ஓட்டர்களானார்கள். சேதி பழசாகிவிட்டால் துணியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சொட்டு மருந்தைப் பிடித்துச் சோற்றுப் பானை இறக்கினார்கள். வாக்காளர் பட்டியலால் டிவிஎஸ் துடைத்தார்கள்.

வீட்டில் மட்டும் பாராட்டு கிடையாது. மனைவி விஜயராணி ஒரு தையல் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற சட்டையை முன்னும் பின்னும் புரட்டி, குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. குறை இல்லாவிட்டால் 'பாஸ்' என்று சொல்லி வலது பக்கம் தள்ளுவாள். அந்தக் கண்ணை அவளால் கம்பெனியில் கழற்றி வைத்துவிட்டு வர முடிவதில்லை. புருஷன் அடித்த துணியைக் கொடியில் பார்த்தால், "ரெண்டாவது வரி கோணிப் போயிருக்கு" என்பாள். பதிமூன்று வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் செய்த எதையும் அவள் பாஸ் செய்ததாக நினைவில்லை.

ரோஜா நகரில் போர் தண்ணீர் உண்டு. உப்பு. குடிக்கிற ஆற்றுத் தண்ணீருக்கு ஊருக்குள் இருக்கிற குழாய்க்குத்தான் நடக்க வேண்டும். போன வருஷம் ஐப்பசி மழையில் குடத்தோடு வரும்போது விஜயராணி வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, நாற்பது நாள் மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். கட்டுப் பிரித்த பிறகும் குடத்தைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். சத்தம் வராது. ரோஜா நகருக்கு ஒரு குழாய் வாங்காமல் விடுவதில்லை என்று ஆரோக்கியராஜ் முடிவு செய்தது அந்த உதட்டைப் பார்த்துத்தான்.

முடிவு செய்தால் போதுமா? இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்ட் முதல் வாரத்தில் ரத்தினசாமி விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"ஆளு வந்தாத்தானுங்க கூட்டம்? கிராம சபைல நூறு பேராச்சும் கையெழுத்துப் போடோணும். ஊருக்காரங்க நாப்பது பேரு வருவாங்க. உங்க நகர்ல இருந்து ஒரு ஈ காக்கா வர்றதில்லை. சனவரிலயும் கூட்டம் செல்லாமப் போச்சு, மே மாசமும் போச்சு. இந்த மாசக் கடைசில குழாய் லிஸ்ட் யூனியனுக்குப் போகுதுங்க. தீர்மானம் இல்லாம உங்க நகர் பேர நான் எப்படீங்க எழுதறது?"

"பதினஞ்சாந் தேதி அறுபது பேரைக் கூட்டிட்டு வந்தா எழுதுவீங்களா?"

"கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் ரத்தினசாமி. வரமாட்டார்கள் என்ற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

கொடியில் ஒரு துணி தொங்கினால் இந்தத் தடவை பற்றாது, வீட்டுக்கு ஒரு துணி கையில் கொடுத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டார் ஆரோக்கியராஜ். எண்பது துண்டு. அன்று பட்டறை ஓரத்தில் சிவப்பு நாடா கட்டிய ஒரு பெரிய கட்டு லட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துணி, குழந்தைச் சட்டையின் முதுகுப் பகுதி. அச்சே விழாத துணி கழிவுக்கு எப்படி வந்தது என்று யோசிக்க அவசரம் விடவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ரபீக்கும் அவரும் மடமடவென்று இழுத்தார்கள்.

'கிராம சபைக் கூட்டம். ஆகஸ்ட் 15, காலை 11 மணி. பள்ளிக்கூட வாசல். நமக்குக் குடிதண்ணீர்க் குழாய். தவறாமல் வரவும்.'

காய்ந்ததும் அதே சிவப்பு நாடாவால் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று வேலைக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் பார்த்தால் கட்டைக் காணோம்.

நடந்தது இதுதான். அந்த வாரம் துணி வெட்டிக் கட்டுக் கட்டுகிற கட்டிங் மாஸ்டருக்கு வெள்ளை நாடா தீர்ந்துபோயிருக்கிறது. பக்கத்தில் சிவப்புத் துணி வெட்டிய ஓரம் கிடக்க, ஒரு நாளைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அதையே கிழித்து நல்ல கட்டையும் கட்டிவிட்டார். ஜெர்மனிக்குப் போகிற ஆர்டர். முன்பக்கத்துக்கு யானைப் படம், முதுகு வெறும் வெள்ளை. வேன்காரர் ரசீதில் இருந்த எண்ணிக்கைப்படி எல்லாக் கட்டையும் அள்ளிக்கொண்டு போய்த் தையலுக்கு இறக்கிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து விஜயராணியின் மேஜைக்கு ஒரு சட்டை வந்தது. முன்பக்கம் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற யானை. புரட்டினாள். பின்பக்கம் ஊஞ்சக்காட்டுப்பாளையம் கிராம சபை. அடுத்த சட்டை, அதிலும் கிராம சபை. அந்த 'ழா'வின் சுழியை அவளுக்குத் தெரியாதா? எழுந்து போய் ஓவர்லாக் மிஷின்காரப் பெண்ணைக் கேட்டாள்.

"ஏம்மா, இதைப் பாத்துட்டா தச்சீங்க?"

"டிசைனுன்னு நினைச்சேங்க்கா. இப்பெல்லாம் வெளிநாட்டுக்காரங்க சீன எழுத்தெல்லாம் போட்டுக்கறாங்களே."

விஜயராணி ஸ்டிக்கர் சுருளைக் கையில் எடுத்தாள். எங்கே ஒட்டுவது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு இடம் தெரியவில்லை. சட்டையை மேஜையில் வைத்துவிட்டு அடக்கமாட்டாமல் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது.

பயந்தது சரிதான். மறுநாள் பட்டறை முதலாளி அப்புசாமி எண்பது சட்டையையும் மேஜையில் கொட்டி, ஆரோக்கியராஜை எதிரே நிறுத்தினார்.

"ஏப்பா ஆரோக்கியம், ஜெர்மன்காரன் ஊட்டுப் புள்ளை நம்மூரு கிராம சபைக்கு வருமா?"

"தப்புத்தானுங்க."

"காலைல பதினொரு மணிக்கு வேற வரச் சொல்லியிருக்கறே. அவனுக்கு அது எத்தனை மணியோ."

பட்டறையில் யாரோ சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றினார்கள். கட்டிங் மாஸ்டர் நாடா விஷயத்தை ஒத்துக்கொண்டதில் ஆரோக்கியராஜின் வேலை தப்பியது. துணி மிச்சமிருந்ததால் எண்பது சட்டையும் முன்னும் பின்னும் புதிதாக வெட்டி, யானை அடித்துத் தைத்தார்கள். "இதையெல்லாம் என் கண்ணுல படாம எங்காச்சும் கொண்டு போயிருங்க" என்றார் அப்புசாமி. சட்டைகளை இரண்டு சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார் ஆரோக்கியராஜ். கொடியில் தொங்கவிட வெட்கமாக இருந்தது. ஆறேழு வயதுச் சட்டை. யார் வீட்டில் பிள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் ஒன்று கொடுத்தார். அவருடைய மகளும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. புதுச் சட்டை, அதுவும் யானை போட்டது. பிள்ளைகள் கழற்றுவேனா என்றார்கள். கடைக்கு, டியூஷனுக்கு, ஊர்க் கிணற்றடிக்கு என்று கிராம சபை நாலு திசையிலும் ஓடியது. ஊருக்குள் பெரியவர்கள் பிள்ளைகளைத் தோளில் பிடித்து நிறுத்தினார்கள். "நில்லு கண்ணு, அப்படியே திரும்பு. இன்னும் ஒரு வரி பாக்கி இருக்குது." ரத்தினசாமியின் பலகைக்கு இருபது வருஷத்தில் கிடைக்காத வாசகர் கூட்டம், நான்கே நாளில் இந்த முதுகுகளுக்குக் கிடைத்தது.

ஆகஸ்ட் பதினைந்து, புதன்கிழமை. பள்ளிக்கூட வாசலில் சாமியானா போட்டு, பிரசிடெண்ட் செல்லாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் வழக்கம்போல நாற்பது பேர். மணி பதினொன்று. ரோஜா நகரிலிருந்து வந்தவர்கள் ஆரோக்கியராஜும் விஜயராணியும் ரபீக்கும் மட்டுமே. வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த சனம், லீவு நாளில் துணி துவைத்துக்கொண்டும் கறி வாங்கிக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தது. ஆரோக்கியராஜ் விஜயராணியின் மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து கொடியேற்றி மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் வந்தார்கள். ஐம்பது யானை இருக்கும். தங்கள் முதுகில் எழுதியிருக்கிற கூட்டத்துக்குத் தாங்கள் வராமல் எப்படி என்பதுபோல, முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ரத்தினசாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "யானையெல்லாம் வந்துருச்சுங்க. பாகன் ஒருத்தரையும் காணோமே."

"இருங்க ரத்தினசாமி. அரை மணி நேரம் பாக்கலாம்" என்றார் செல்லாத்தாள். "புள்ளைக சாப்புட்டிருக்காதுங்க. அம்மாகாரிக தேடிட்டு வராமயா இருப்பாங்க?"

வந்தார்கள். முதலில் ரபீக்கின் மனைவி சைதுன்னிசா, கையில் பிரியாணிக் கரண்டியோடு. புறப்பட்ட அவசரத்தில் வைக்க மறந்துவிட்டாள். பின்னாலேயே பத்துப் பேர், இருபது பேர். வீட்டுக்காரி போனவள் திரும்பவில்லையே என்று கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆண்கள். விஜயராணி கையெழுத்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைத் தேடி வந்த ஒருவரையும் கையெழுத்து வாங்காமல் உள்ளே விடவில்லை, வெளியேயும் விடவில்லை. ஒவ்வொரு பேரையும் வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்த்துத்தான் நோட்டை நீட்டினாள்.

"கூட்டம் இருக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று ரத்தினசாமி ஒரு பெண்ணைக் கேட்டார்.

"தெரியாம என்ன? நாலு நாளா சோப்புப் போட்டுத் தேய்க்கேன். தேய்க்கும்போது நெனப்பு இருக்கு, காயப்போட்டதும் மறந்து போவுது."

தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில் எங்கேயோ, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். அப்புசாமி. ஆரோக்கியராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருப்பா" என்றார் முதலாளி. "நானும் இந்த ஊர் ஓட்டருதான். என்ற துணி கூப்புட்டு நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ரோஜா நகர் குழாய்க்குத் தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது. கைதட்டலில் யானைகள்தான் முன்னணி.

தீர்மானம் அன்றைக்கு வந்ததென்றால் தண்ணீரும் அன்றைக்கே வரும் என்று யாராவது நினைத்தால் அவர் நம் நாட்டுக்குப் புதுசு. ஒரு வருஷம் பிடித்தது. அடுத்த ஆடியில், ரோஜா நகர் முக்கில், அறிவிப்புத் துணி தொங்குகிற கொடிக்குப் பத்தடி தள்ளிக் குழாய் நட்டார்கள். முதல் தண்ணீர் வருகிற காலையில் ஆரோக்கியராஜ் புதுத் துணி ஒன்றைக் கொடியில் மாட்டினார். இந்தத் தடவை சிவப்பு நாடா கட்டினது கழிவுதானா என்று கட்டிங் மாஸ்டரை மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் எடுத்திருந்தார். 'ஆற்றுத் தண்ணீர். செவ்வாய், வெள்ளி, காலை 6 மணி. ரோஜா நகர்க் குழாய்.'

விஜயராணி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். முன்பக்கம் படித்தாள். பின்பக்கம் புரட்டினாள். வரி கோணியிருக்கிறதா என்று தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்தாள். ஆரோக்கியராஜ் வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். குழாய் ஒரு தடவை இருமி, காற்றைத் துப்பி, பிறகு கொட்டத் தொடங்கியது.

"பாஸ்" என்றாள் விஜயராணி. சொல்லிவிட்டு, குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.