சீல் குத்திய ஆறு நோட்டு

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் பதினோரு வருடமாக நான் கேஷியர். நோட்டைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். முந்திரிக் கொட்டை உடைப்பவர்கள் தரும் நோட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கோயில் உண்டியல் நோட்டில் குங்குமம். ஆவூர்ப் பக்கத்து மாதா கோயில் திருவிழா முடிந்து வரும் நோட்டில் மெழுகு. எதையும் நான் முகம் சுளித்து வாங்கியதில்லை.

போன வைகாசியில் ஒரு திங்கட்கிழமை ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். கழுத்தில் ஜெபமாலை. நர்சிங் படிக்கும் மகளின் கணக்கில் வாராவாரம் பணம் போடுகிறவர். அன்று அவர் நீட்டிய ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டிலும், வெள்ளையாக இருக்கும் பகுதியில், சிவப்பு மையில் ஒரு சூலம். அதற்குக் கீழே, "அன்னை துணை. குடமுழுக்கு விழாவுக்கு அனைவரும் வருக."

எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த சீல் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் ஊர் அம்மன் கோயில் குடமுழுக்குக் கமிட்டிக்கு என் கணவர்தான் பொருளாளர். புதுக்கோட்டையில் செய்து வாங்கிவந்து, ரசீதில் குத்த என்று என்னிடமே காட்டினார்.

பேனாவால் ஏதாவது கிறுக்கியிருந்தால் நாங்கள் வாங்கிக்கொள்வோம். ஆனால் மதத்தையோ கட்சியையோ பரப்பும் வாசகம் இருந்தால் அந்த நோட்டு செல்லாது, வாங்கவும் மாற்றித்தரவும் கூடாது என்று விதி இருக்கிறது.

"அக்கா, இதை யாரு குடுத்தா?"

"கோயில் சுத்துச்சுவர் வேலைக்கு சித்தாளாப் போனேங்க மேடம். அந்தக் கூலி. மளிகைக் கடையில சீல் இருக்கு, செல்லாதுன்னுட்டாரு. பெட்ரோல் பங்க்குலயும் வாங்கலை. பேங்க்குல வாங்கித்தானே ஆகணும்னு இங்கிட்டு வந்தேன்."

"இங்கயும் முடியாதுக்கா."

அவர் என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். "நான் மாதா கோயில்காரிங்க. அம்மன் சூலம் இருக்கேன்னு நான் ஒண்ணும் நினைக்கலை. எனக்குக் காசு செல்லணும், அவ்வளவுதான். இது ஒங்க சாமிதானே மேடம்? ஒங்களுக்கே ஆகாதா?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கைப்பையிலிருந்து நல்ல நோட்டைக் கொடுத்து அனுப்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கணவரின் பெயரும் தப்பிக்கும். ஆனால் இதே கூலியை வாங்கிய மற்றவர்கள் எந்தக் கடை வாசலில் நிற்கிறார்களோ? மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று போன் போட்டேன்.

"என்னங்க, கூலி குடுத்த நோட்டுல சீல் குத்துனீங்களா?"

"ஆமா. கூலிக்குக் கூலியும் ஆச்சு, விளம்பரத்துக்கு விளம்பரமும் ஆச்சு."

"அது செல்லாதுங்க. மூவாயிரம் ரூவா நல்ல நோட்டா எடுத்துக்கிட்டு ஒடனே பேங்க்குக்கு வாங்க."

அவருக்கு மோட்டார் பம்ப்செட் கடை. பத்து நிமிடத்தில் வண்டியில் வந்து இறங்கினார். எப்போதும்போல நேராக என் கவுண்டரின் பக்கவாட்டுக்கு வந்தார்.

"வரிசையில வாங்க," என்றேன்.

ஒருமுறை என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. ஆனால் போய், ஏழு பேருக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைக் காட்டினேன். ஆறு நோட்டையும் வாங்கிக்கொண்டு நல்ல நோட்டைக் கொடுத்தார். "தெரியாமப் பண்ணிட்டேம்மா," என்றார். அந்த அம்மா பணத்தைக் கட்டி, சீட்டை வாங்கிச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே கணவர் கோபத்தோடு காத்திருந்தார். பூசையறையிலிருந்து அவருடைய தாத்தா காலத்து அம்மன் காசை எடுத்துவந்து மேசையில் வைத்தார். புதுக்கோட்டை சமஸ்தான காலத்துச் சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள்.

"இதுல யாரு இருக்கா, பாரு. நம்ம சீமையில காசுன்னாலே அம்மன்தான். இன்னைக்கு வந்த ஒங்க பேங்க்கு அவளை வேண்டாங்குதா?"

அந்தக் காசின் மேல் எனக்கும் பெருமை உண்டு. அதில் இருக்கும் அரைக்காசு அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வங்கித் தேர்வுக்கே போனேன். அதனால் நிதானமாகவே சொன்னேன்.

"அது ராசா காசுங்க. அவரு கும்பிட்ட சாமியை அவரு போட்டுக்கிட்டாரு. இந்த நோட்டு அந்த அம்மாவுக்கும் சொந்தம். அவங்க நம்ம கோயிலுக்குச் செவுரு எழுப்புனாங்க. நாம அவங்க கூலியில நம்ம நோட்டீசை ஒட்டி அனுப்பிட்டோம். மாதா சீலைக் குத்தி ஒங்க கடைக்கு ஒருத்தர் நோட்டு குடுத்தா வாங்குவீங்களா?"

"வாங்குவேன்," என்றார் பட்டென்று. கொஞ்சம் கழித்து, "வாங்கி, அடுத்த ஆளுகிட்ட தள்ளிவிடப் பாப்பேன்," என்றார். காப்பி கொடுத்தேன். குடித்தார்.

மறுநாள் கமிட்டிக் கூட்டத்தில், சீல் குத்திய நோட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு நல்ல நோட்டு கொடுக்கலாம் என்று அவராகவே விஷயத்தை எடுத்திருக்கிறார். "வீட்டம்மா பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆத்தாளை அழிக்கச் சொல்றீங்களா?" என்று ஒருவர் கேட்டாராம். "ஆத்தா கருவறையில இருக்கா. நோட்டுல இருக்கறது நான் காசு குடுத்து வாங்குன மை," என்று இவர் சொல்லியிருக்கிறார். கோயில் பணத்திலிருந்து மாற்றித்தர முடியாது என்று கமிட்டி கைவிரித்துவிட்டது. புது வண்டி வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து தானே தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இதையெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானே காதால் கேட்டது குடமுழுக்குக்கு முந்தின நாள். யாகசாலையைச் சுற்றி நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் பின்வரிசையில் நின்றிருந்தேன். பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் அவர் குரல் வந்தது.

"கோயில் வேலைக்குக் கூலி வாங்குனவங்க, கடைக்காரங்க, எல்லாரும் கேளுங்க. சீல் குத்துன நோட்டு யாருகிட்ட இருந்தாலும் எங்கிட்டக் குடுத்துட்டு நல்ல நோட்டு வாங்கிக்கங்க. சீல் குத்துனது நான்தான். தப்பு என்னோடது. நோட்டு எல்லாருக்கும் பொது. அதுல நம்ம சாமி பேரைக் குத்தியிருக்கக் கூடாது."

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "யாருக்கா பேசுறது?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு," என்றேன், கேட்டதைவிடச் சற்றுச் சத்தமாகவே. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போய் நின்றேன்.

மூன்று நாள் கடையில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். பூசையறையில் வைத்துக்கொள்கிறோம் என்று சிலர் திருப்பித் தரவில்லை. வந்தவற்றை எங்கள் கிளைக்கே கொண்டுவந்து மனு எழுதிக் கொடுத்தார். மேனேஜர் விதியைக் காட்டி மறுத்துக் கடிதம் கொடுத்தார். இவர் வாதாடவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கடிதத்தை பம்ப்செட் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டியிருக்கிறார். பழைய வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறார். கடைக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், வேலையை நிறுத்திவிட்டு முழுக்கதையையும் சொல்கிறார். நான் அவரை வரிசையில் நிற்கவைத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். ஏழு பேர் இப்போது இருபது பேர் ஆகிவிட்டார்கள். நான் திருத்துவதில்லை.