முந்நூற்று அறுபத்து மூன்றாம் நாள்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு போர்டு இருந்தது. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே மூன்று தகர நம்பர்கள் தொங்கும். கடலூருக்கு வெளியே இருந்த அந்த கெமிக்கல் கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவும் விபத்துப் பதிவேடும் என் பொறுப்பு. தினமும் காலையில் நம்பரை மாற்றுவதும் நான்தான். நம்பர் ஏற ஏற எனக்குப் பயமும் ஏறும். முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் ஆளுக்கொரு குக்கர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். குக்கர் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஆனால் தன்னால்தான் அது போச்சு என்று பேர் வாங்க யாரும் தயாராக இல்லை. விரல் நசுங்கினால்கூட கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடப்பார்கள்.

அங்கே ஒரு வழக்கம். அடிபட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரம் வேலைக்கு வராவிட்டால்தான் மேலே ரிப்போர்ட் போக வேண்டும். அதனால் வேன் அனுப்பி ஆளைக் கூட்டிவந்து, என் ரூமில் உட்காரவைத்து, கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆள் வந்தாச்சு, விபத்து இல்லை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்த ரூமில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். என்னுடையது கான்ட்ராக்ட் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். பைப் கழற்றும்போது காஸ்டிக் சோடாத் தண்ணீர் கண்ணில் தெறித்துவிட்டது. தண்ணீரில் கழுவி, சொட்டு மருந்து விட்டு, கருப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். நான் பதிவேட்டை எடுத்தேன். அவரே என் கையைப் பிடித்தார்.

“அக்கா, எழுதிடாதீங்க. கண்ணு வலின்னு போட்டுக்குங்க. இன்னும் நாலு நாள்தான். எல்லாரும் என்னத்தான் திட்டுவாங்க.”

சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதிவேட்டை மூடினேன்.

செவ்வாயும் ஃபிட்டர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குக் கீழே நீர் வடிந்துகொண்டே இருந்தது. “வலிக்குதா?” என்றால், “பரவால்லக்கா.” அந்தக் கண் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். வேலை போய்விடுமோ என்று இன்னொரு பயம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

புதன் காலை, ஜன்னல் வழியே வாசல் போர்டைக் காட்டினேன். “நல்ல கண்ண மூடிக்குங்க. என்ன நம்பர் தெரியுது?”

அவர் கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, சட்டென்று சொன்னார்: “முன்னூத்தி அறுபத்தி ரெண்டு.”

அது நேற்றைய நம்பர். அரை மணி நேரம் முன்புதான் நான் மூன்றை மாட்டிவிட்டு வந்திருந்தேன். பதிவேட்டைத் திறந்தேன்.

பதிவேட்டில் ‘நடந்த நேரம்’ என்று ஒரு கட்டம், ‘பதிவு செய்த நேரம்’ என்று ஒரு கட்டம். முதலில் திங்கள் காலை பத்து. அடுத்ததில் புதன் காலை ஒன்பதரை என்று எழுதினேன். “உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?” என்று சூப்பர்வைசர் அடிக்குரலில் கேட்டார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மடித்து, ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். வழி முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொம்ப நேரம் விளக்கடித்துப் பார்த்தார். “இந்தக் கண்ணுல இனிமே வெளிச்சம் மட்டும்தான் தெரியும். உடனே வந்திருக்கணும்” என்றார். பிறகு என் காகிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு கட்டங்களிலும் அவர் விரல் மாறி மாறி நின்றது.

“திங்கக்கெழம பட்டிருக்கு. புதன்கெழம எழுதியிருக்கீங்க. நடுவுல இவரு எங்க இருந்தாரு?”

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஃபிட்டர்தான் முந்திக்கொண்டு சொன்னார்.

“எங்கயும் போவல சார். அக்கா எதிர்லதான் உக்காந்திருந்தேன்.”