ஒயர் முனையில் சந்தனம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மயிலாப்பூர் வீட்டு ஹாலில் என் மகன் அடுக்கி வைத்திருந்த டேப் டெக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தூசி துடைப்பதோடு சரி. ஆம்ப்ளிஃபயர், ரிச்சி தெருவில் சாமான் வாங்கி அவனே பூட்டியது. அதற்குத் தனி சுவிட்சே கிடையாது. டெக்கிலிருந்து மெல்லிசாக ஒரு ஒயர் போட்டிருந்தான்.

"இதுல பாட்டு போகாதும்மா. டெக்கைப் போட்டா துளி கரண்ட் போய் ஆம்ப்ளிஃபயரை எழுப்பிவிடும். டெக்கை அணைச்சா அதுவும் தூங்கிடும்" என்பான். வருகிறவர்களுக்கு அதைக் காட்டாமல் காபி குடிக்க விடமாட்டான்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்த ஒயரும் உழைக்கிறதுதானே? அதைப் பிடுங்கி, பளபளவென்று இருந்த முனைக்கும் சந்தனம் தடவி, இருந்த துளையிலேயே செருகினேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. சாயங்காலம் எதிர் வீட்டு மாமியும் நாலைந்து பேரும் கொலு பார்க்க வந்தார்கள். மகன் ஒரு கேசட்டை எடுத்தான்.

"பாடினது யாருன்னு சொல்லுங்கோ, பாப்போம்."

எனக்குப் பகீரென்றது. ஒரு நாள் கெஞ்சிக் கூத்தாடி என்னைப் பாடவைத்துப் பதிவு செய்த கேசட் அது. யாருக்கும் போடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

"ஒரே பட்டன். ரெண்டும் முழிச்சுக்கும்" என்று அமுக்கினான். டெக்கில் விளக்கு எரிந்தது, டேப் சுற்றியது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் அசையவில்லை.

"ஒண்ணு கும்பகர்ணன் போல இருக்கேடா!" என்றாள் மாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசாமல் இருந்தால் என் மானம் பிழைத்தது. ஆனால் அவன் காது சிவந்துபோய், "நான் பூட்டினதுலதான் ஏதோ தப்பு" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். எனக்குத் தாங்கவில்லை.

"உன் தப்பு இல்லடா. ஒயர் முனைக்குச் சந்தனம் வெச்சுட்டேன்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கரண்டுக்கே பொட்டு வெச்சது இந்த ஆத்துலதான்!" என்று மாமி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

மகன் முனையை வேட்டியில் துடைத்துச் செருகினான். டக்கென்று ஒரு சத்தம். பாதி வரியிலிருந்து என் குரல் ஹால் முழுக்கக் கிளம்பியது. சுண்டல் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். கதவோரம் நின்று கேட்டேன். பாட்டு பாதியில் நின்று, கேசட்டில் அதே என் குரல், "போறும்டா, நிறுத்து. அடுப்புல பால் பொங்கறது" என்றது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாமி சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். "பால் பொங்கட்டும் மாமி, மிச்சத்தை நீங்க பாடினப்புறம்தான் எங்களுக்குச் சுண்டல்."

கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார்த்தினாள். கொலுப் பொம்மைகளைப் பார்த்தபடியே பாட்டை முடித்தேன். மனுஷர்கள் பக்கம் திரும்பவேயில்லை.