மாதாவுக்குச் சேலை கட்டிய வருடம்

அத்தையின் கழுத்துச் சங்கிலியில் ஒரு சிலுவையும் ஏழெட்டு ஊக்குகளும் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே வீட்டில் அரைகுறையாகக் கிடக்கும் வேலையெல்லாம் தானாக முடிந்துவிடும். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. ஊக்குகள் அவருக்காக அல்ல, மாதாவுக்காக. எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் சப்பரத்தில் பவனி வரும் மாதா சுரூபத்துக்குப் பட்டுச் சேலை கட்டுவது முப்பது வருடமாக அவர் பொறுப்பு. எந்த நேரத்தில் மாதாவுக்கு ஊக்கு தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷனை வைத்துவிட்டுச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளையும் அத்தைதான் தனியாக ஆளாக்கினார். காலைப் பூசை பார்க்காமல் காபி தொண்டையில் இறங்காது. சனிக்கிழமைதோறும் கோயிலைக் கழுவிவிடுவார். தவக்காலத்தில் கஞ்சி காய்ச்சி அண்டாவோடு வாசலில் நிற்பார். வைத்திக்குப்பத்தில் யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால் தூக்குவாளியில் ரசத்தோடு கிளம்பிவிடுவார். இவ்வளவு பக்திக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஒரு தற்பெருமை உண்டு. அது மாதாவின் சேலைக் கொசுவம். அதைப் பாராட்டினால் போதும், மனுஷி அன்று முழுக்கத் தரையில் நடக்கமாட்டார்.

நான் முதலியார்பேட்டைக்காரி, இந்துக் குடும்பம். ஜவுளிக்கடையில் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்குச் சேலை கட்டுவதுதான் என் வேலை. எதிரே மருந்துக்கடை வைத்திருந்த அத்தையின் மூத்த மகனுக்குத் தினமும் அந்தப் பொம்மைகளைப் பார்க்கவேண்டியிருந்தது. பிறகு கல்யாணம். மதம் மாறச் சொல்லி அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுச் சாவிக்கொத்தையே என் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் கோயில் வேலை என்று வந்துவிட்டால், ஒரு பூ கட்டக்கூட என்னைக் கூப்பிடமாட்டார். அவர் மனசில் பெரிய அறை அதுதான். அதற்குள் எனக்கு இடமில்லையே என்ற ஏக்கம் எனக்கு நிறையவே இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, தான் கழுவிவிட்ட கோயில் படியில் தானே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கை வரை மாவுக்கட்டு. ஒரு மத்தியானம் முழுக்க விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தவர், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“கடைல பொம்மைக்கு முந்தானை நழுவாம எப்பிடி நிக்க வைப்ப?”

சொன்னேன். உம் கொட்டிக்கொண்டே கேட்டார். “நாளைக்கு தலைக்கு ஊத்திட்டு என் கூட கெளம்பு” என்றார்.

பீடத்துக்குப் பக்கத்து அறையில் மாதர் சங்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான டீச்சரம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. “கடை பொம்மைக்கு கட்டுன கையால மாதாவுக்கா? ஞானஸ்நானம்கூட வாங்காத பொண்ணு!”

அத்தை அலட்டிக்கொள்ளவே இல்லை. “மாதாவுக்கு யாரு டீச்சர் ஞானஸ்நானம் குடுத்தாங்க? அந்த ஊக்க எடுத்து குடுங்க” என்றார். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். டீச்சரம்மா ஊக்கை எடுத்துக் கொடுத்தார்.

என் பொம்மைகளின் கைகளில் ஒன்றும் இருக்காது. மாதாவின் இடது கையிலோ குழந்தை இயேசு. முந்தானை எப்படித் தோளுக்குப் போகும்? குழந்தைக்கு அடியில் விட்டு, முதுகுப் பக்கமாக ஏற்றி, தலைக்கு முக்காடாக்கி இறக்கவேண்டும் என்று அத்தை இடது கையாலேயே காற்றில் கட்டிக் காட்டினார். கொசுவம் மட்டும் என் வழி. விரலளவு மடிப்பு, பதினொன்று. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அத்தை மாதாவைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. பிரான்சில் குடியேறித் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்த ஓர் அம்மா, எல்லோருக்கும் அவர் ‘மதாம்’, தன் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்று, “இந்த வருஷம் கொசுவம் அச்சுல வார்த்தமாரி இருக்கே! யாரு கட்டுனது?” என்று கேட்டார்.

“நாந்தான்” என்றார் அத்தை.

வலது கை தூளியில் தொங்குகிறது! மதாம் கட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா? வழியில் கேட்ட ஆறு வீட்டிலும் இதே பதில்தான். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று இன்று புரிகிறது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குழம்பில் உப்பைக் குறைத்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

அத்தை போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சப்பரத்தில் டியூப்லைட் போய் சீரியல் பல்பு வந்துவிட்டது. சேலை இன்றும் நான்தான் கட்டுகிறேன். டீச்சரம்மா வயதான காலத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து மடிப்பை எண்ணுகிறார். ஆனால் எனக்குத் திருவிழா என்றால் அந்த வருடத் திருவிழாவுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஞாயிறு மத்தியானம் அத்தை நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தார். “நேத்து சாமியாருகிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். செருப்ப போடு, வா” என்றார். முதலில் மதாம் வீடு. வாசலில் நின்றபடியே, “நான் அன்னைக்கு பொய் சொன்னேன். மாதாவுக்கு கட்டுனது இவ. என் மருமவ” என்றார். மதாம் எங்கள் இருவரையும் உள்ளே இழுத்துப்போய் கேக் கொடுத்தார். அடுத்த வீட்டில் முறுக்கு. அதற்கடுத்த வீட்டில், “தெரியும்மா, மாவுக்கட்டோட யாரு கட்டுவாங்க!” என்று சிரித்தார்கள். அத்தை விடவில்லை. ஆறு வீட்டிலும் ஒரு சொல் மாறாமல் சொன்னார். கடைசி வீட்டில் சொல்லும்போது குரலில் பழைய தற்பெருமையே எட்டிப் பார்த்தது.

திரும்பும்போது மூச்சு வாங்கியது அவருக்கு. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

“பாவம் அத்த நீங்க. சாமியாரு இவ்ளோ பெரிய பரிகாரமா குடுப்பாரு?” என்றேன்.

“சாமியாரு குடுத்தது மூணு ‘அருள் நிறைந்த மரியே’ செபந்தான். அத கோயில்லயே முடிச்சிட்டேன்” என்றார் அத்தை, என் தோளைப் பிடித்துக்கொண்டு. “இது உனக்கு.”