சகலையின் வீடியோவும் என் பொய்ப் பெயரும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம், ஆரணியில் நடந்தது இது. இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். எம்.ஏ., பி.எட். படித்தவன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அப்போதெல்லாம் நான் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, சேவூரில் பட்டு நெய்கிறார். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் உலகப் போர் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. தறியில் உட்கார்ந்தபடியே காதில் இயர்போன் மாட்டிக் கேட்பார், கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பார். கடைசியில் யூடியூபில் சொந்தமாக ஒரு சேனலே ஆரம்பித்துவிட்டார்.

நாலு பேர் பார்த்தவரை எனக்கு ஒன்றும் இல்லை. கூட்டம் சேர ஆரம்பித்ததும்தான் வயிறு எரிந்தது. பெரணமல்லூரில் இருக்கிற எங்கள் மாமியார் போன் செய்தால், "சின்ன மாப்ள வீடியோ பாத்தீங்களா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூலைப் பாவு என்பார்கள். ஒரு பாவு முடிந்தால், பழைய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். சகலைக்கு அது சரியாக வராது. மாமியார் அதில் கெட்டிக்காரர். அதனால் பஸ் ஏறி வந்து பிணைத்துக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டிலேயே இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார். என் வீட்டில் பிணைக்க என்ன இருக்கிறது? அதையும் மனசில் வைத்திருந்தேன்.

அந்த மாதம் சகலை, இரண்டாம் உலகப் போரில் நடந்த பெலெலியு தீவுச் சண்டையைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். பசிபிக் கடலில் இருக்கும் குட்டித் தீவு அது. ஜப்பானியரிடமிருந்து பிலிப்பைன்ஸை மீட்கப் போகும்போது பக்கவாட்டில் அடி விழக்கூடாது, அதற்கு அங்கிருக்கும் விமான தளத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கர்கள் போட்ட திட்டம். நாலு நாளில் முடியும் என்றார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 'அந்தச் சண்டை தேவையே இல்லை' என்றார் சகலை.

உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் சொல்லிவிட்டாரே! 'உண்மை விரும்பி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அது தேவையான சண்டைதான் என்று கமெண்ட் போட்டேன். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார். மறுபடி குத்தினேன். இப்படியே ஒரு வாரம் போனது. கடைசி நேரத்தில் ஒரு அமெரிக்கக் கடற்படைத் தளபதியே அந்தத் தீவை விட்டுவிடலாம் என்று சொன்னாரே, அப்படியும் போனார்கள் என்றால் காரணம் இல்லாமலா போவார்கள் என்று மடக்கினேன்.

அதற்கு அவர் தறியில் உட்கார்ந்தபடி ஒரு வீடியோவே போட்டுவிட்டார்.

"ஒரு பாவுல மூணு புடவைங்க. மொத புடவை பாதியில இருக்கும்போது, இந்தக் கலர் கடையில விக்காதுன்னு சொல்லுவாங்க. அதுக்காக பிணைச்ச பாவ அறுக்க எவனுக்கு மனசு வரும்? மூணையும் நெய்து முடிச்சிட்டு அப்புறம் அழுவோம். அவங்களும் அப்படித்தான். கப்பல் கெளம்பிடுச்சு. போய்க்கினு இருக்கறத யாரு நிறுத்துவாங்க?"

பதினாறு வருடம் பாடம் நடத்தியும் ஒருநாள்கூட இப்படி ஒரு விளக்கம் என் வாயில் வந்ததில்லை. மறுநாள் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அந்தத் தறி வீடியோ போட்டவரு உங்க சகலையாமே சார், சொல்லவே இல்லியே! ப்ளஸ் டூ பசங்களுக்கு வர்ற வெள்ளிக்கிழம அவர பேசச் சொல்லுங்க" என்றார். என் பள்ளியில், என் பாடத்துக்கு, என்னைவிட்டுவிட்டு அவர்! அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதினேன்: 'பாவு பிணைக்கவே மாமியாரைக் கூப்பிடுகிறவருக்குப் பசிபிக் போரில் என்ன வேலை?'

எழுதியதும் குளுகுளுவென்று இருந்தது. கீழே நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டுவைத்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் சகலை என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. போனை எடுத்து அந்தக் கமெண்டைக் காட்டினார்.

"அண்ணா, அத்த வந்து பிணைக்கறத நான் சேனல்ல சொன்னதே இல்ல. நம்ம வீட்டு ஆளுங்கள விட்டா யாருக்கும் தெரியாது."

காபியோடு வந்த என் மனைவி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஆமாம்" என்றேன்.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "என்னிக்காவது நீங்க பாப்பீங்கன்னுதாண்ணா ஒவ்வொண்ணயும் ரெண்டு தடவ சரிபாத்துப் போடுவேன். வாத்தியாரு தப்பு கண்டுபிடிச்சிடுவாருன்னு பயம்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "தேவையாண்ணா இது?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழம நான் வரலன்னு நீங்களே சொல்லிடுங்க."

காபியைத் தொடாமல் போய்விட்டார். அன்று ராத்திரியும் மறுநாளும் சேவூருக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "உங்க மேல கோவம் இல்லண்ணா, மனசு இல்ல" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் போட்டிருந்த மேடையில் நான் பேசினேன். தேதிகளும் வரைபடமும் கையில் இருந்தன. தளபதி வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், அவள் முகம் தெளியவில்லை. வேறு வழியில்லாமல் பிணைத்த பாவைப் பற்றிச் சொன்னேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த ஆரணிப் பிள்ளைகள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், கை தட்டினார்கள். "இது நான் சொன்னதில்லை. என் சகலை சொன்னது. அவர் இன்று வராததற்கும் நான்தான் காரணம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சில மாதம் கழித்து சகலை மறுபடி வீடியோ போட ஆரம்பித்தார். இப்போது என் சொந்தப் பெயரில் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறேன். பார்க்கும்போது வயிறு எரிவது மட்டும் நிற்கவில்லை. வீட்டு விசேஷங்களில் பார்த்தால் அவர் மரியாதையாக நலம் விசாரிப்பார், அதற்கு மேல் பேச்சு வளராது. ஆனால் யாரையாவது மட்டம் தட்ட வாய் துறுதுறுக்கும்போதெல்லாம், வாசலில் நின்று "தேவையாண்ணா இது?" என்று அவர் கேட்டதுதான் காதில் விழுகிறது, அநேகமாகத் தேவையாக இருப்பதில்லை.