அண்ணன் மறைத்த படம்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவான பசியாவரத்தில், தார் பூசுவதற்காகப் படகைக் கரைமேல் இழுத்துக்கொண்டிருந்தோம். அடியில் போட்டிருந்த உருளைக்கட்டை நழுவி, படகு என் முதுகின் மேல் சரிந்தது. வலிக்கவே இல்லை. இடுப்புக்குக் கீழே யாரோ வெந்நீர் ஊற்றியது போல ஒரு சூடு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

பழவேற்காடு வரை படகிலும் அங்கிருந்து மீன் ஏற்றும் வேனிலும் என்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அண்ணன். நைனா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் மருந்து ஏற்றினார்கள். மேசையோடு கட்டி, தலையை மேலும் கீழும் சாய்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். நான் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன்.

அண்ணன் வந்து என் நெற்றியில் கை வைத்தார். "நரம்பு வீங்கிக்கீதாம்டா. வீக்கம் வத்தினா எழுந்து நடப்பியாம். மிஞ்சிப்போனா ஒரு வருஷம்."

நம்பினேன். விட்டத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துத் தினமும் எழுந்து உட்காரப் பழகினேன். மூன்றாவது மாதம் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் காய்ந்த மணலில் நிற்பது போன்ற எரிச்சல். கிள்ளினால் தெரியாத கால், சும்மா கிடக்கும்போது எரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். "எரியுதுன்னா உயிர் வருதுன்னு அர்த்தம்டா" என்றார். அந்த எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆசையோடு பொறுத்தேன். அது குறைந்த நாட்களில் பயந்தேன். மனைவி எண்ணெய் தடவிவிடுவாள், ஒன்றும் பேசமாட்டாள். சந்தோஷத்தை வெளியே காட்டக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து இடுப்பில் படுக்கைப்புண் வந்தது. அண்ணன் கடலுக்குப் போயிருந்ததால் மனைவிதான் அதே டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பழைய படத்தை அவளிடமிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. முதுகெலும்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு இறங்கி வந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்றிருந்தது.

"மருந்து இதுக்குக் கீழ போகல. தண்டு நசுங்கிப்போச்சு" என்றார்.

"எப்ப சார் சரியாவும்?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். "சரியாகாதுன்னு உங்க அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேனே."

"கால் எரியுதே சார்?"

"எரியறது கால் இல்லப்பா. கால்லேர்ந்து சேதி வராம போனதால, மேல இருக்கிற நரம்பும் மூளையும் தானா கிளப்புற வலி. நிஜமான வலிதான். ஆனா கால் பிழைச்சு வருதுன்னு அர்த்தம் இல்ல."

"அது படத்துல தெரியுமா?"

"நசுங்கினது தெரியும். அதுக்கப்புறம் மூளைக்குள்ள என்ன மாறுதுன்னு காட்டுற படம் இப்ப நம்மகிட்ட இல்ல."

மனைவி அதிர்ச்சியடையவில்லை. "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாதுன்னு உங்கண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பும்போது படகோட்டியிடம் என் நிலைமையைச் சொன்னேன். அவன் துடுப்பை நிறுத்தவில்லை. "அதான் ஊர்க்கூட்டத்துலயே சொல்லிட்டாரே உங்கண்ணன், நீ இனிமே தண்ணில எறங்கமாட்டன்னு. அப்பவே உன் பாட்ட அவரு மவன் பேருக்கு மாத்தியாச்சே."

பாடு என்றால் ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் முறை; தண்ணீரில் இறங்க ஆள் இல்லாத வீடு அதை இழந்துவிடும். என் முறை போயிருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சேதி எனக்கு மட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ செத்திருப்படா" என்றார்.

"ஊருக்கு மட்டும் சொன்னியே?"

"பாடு கைய விட்டுப் போயிருந்தா உன் வீட்டுல இன்னாடா கஞ்சி காய்ச்சுவாங்க?" என்று சொல்லி அழுதார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பாட்டில் விழுந்த மீன் என் வீட்டுக்கும் தவறாமல் வந்தது. ஆனால் அந்த ஒன்றரை வருஷமும் காலையில் வந்து, "இன்னா, வெரலு ஆடுச்சா?" என்று கேட்டுவிட்டு, என் கால் விரலையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நானும் அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். மனைவியோடும் நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் புண் ஆற, என்னை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் விடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். வந்து, ஒரு கையைத் தோளுக்கும் இன்னொரு கையை இடுப்புக்கும் கொடுத்து, என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.